முப்பிடாதியும் சும்மா நின்ற இரண்டாவது பெட்டியும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிவைக்கிற ஒரு பாண்டிகசாலை. ஊர்க்காரர்கள் கிடங்கை அப்படித்தான் சொல்வார்கள். 2003-ஆம் வருஷம், அந்தக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறைக்குள் மட்டும் மிளகு வாசனை நுழைய முடியாது. கண்ணாடிக் கதவு, இரண்டு ஏசி. குளிர் எப்படியென்றால், உள்ளே ஒரு பாத்திரம் தோசைமாவை வைத்தால் அடுத்த வியாழக்கிழமை வரை அது பொங்க மறந்துவிடும் என்று வாட்ச்மேன் சத்தியம் செய்வார். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நுழைய உரிமை உள்ளவர்கள் மூன்றே பேர்: மேனேஜர் விட்டல் ஷேணாய், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்பிளி, தரை துடைக்கும் முப்பிடாதி.

முப்பிடாதிக்கு நாற்பத்திரண்டு வயது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வந்து, இங்கேயே சாயாவும் மரவள்ளிக் கப்பையுமாக வேரூன்றிப்போன குடும்பம். அவளுக்குக் கேள்வி கேட்கிற வியாதி. ஏழு வயதில், படகு கிழித்துவிட்டுப் போகிற கோடு தண்ணீரில் எங்கே போய் ஒளிகிறது என்று கேட்டுக் கேட்டே வெலிங்டன் தீவுக்குப் புறப்பட்ட படகைக் கால் மணி நேரம் தாமதிக்க வைத்தவள். படகோட்டிக்குப் பதில் தெரியவில்லை. அவர் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் படுத்தார் என்பார்கள்.

அப்படிப்பட்டவளை ஒரு குளிர் அறைக்குள் விட்டால் சும்மா இருப்பாளா?

“மேடம், இந்த முதல் பெட்டியிலே விளக்கெல்லாம் பிஸியா மின்னுது. இந்த ரெண்டாவது பெட்டி என்ன ஜோலி செய்யுது?”

“ஒண்ணும் செய்யல்லே சேச்சி” என்றாள் அம்பிளி, கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்கு ஏசி? நான் வெறுதே நின்னா ஒரு ஃபேன் கூடப் போட மாட்டீங்களே!”

அம்பிளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து சொன்னாள். எந்த வியாபாரியின் எந்தச் சாக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்கிற விவரமெல்லாம் அடித்தட்டில் நிற்கிற டிஸ்க் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்து, எழுதி, கேட்டில் நிற்கிற லாரிக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பது முதல் பெட்டி. அது பழுதாகி விழுந்துவிட்டால் இரண்டாவது பெட்டி அந்த டிஸ்க்கைத் தன் கையில் எடுத்து வேலையைத் தொடரும்.

“விழுந்துட்டுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“தா, இந்த நீல வயர் கண்டோ? ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு முதல் பெட்டி இது வழியா சொல்லிக்கிட்டே இருக்கும், இதுவும் பதிலுக்குச் சொல்லும். முதல் பெட்டியோட சத்தம் நின்னா இது சாடி எழுந்திடும்.”

முப்பிடாதி துடைப்பத்தின் கட்டையில் மோவாயை ஊன்றிக்கொண்டு அந்த இரண்டாவது பெட்டியையே பார்த்தாள்.

“எண்டம்மோ! இது பதலியில்லா!” என்றாள்.

பதலி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறாம் வருஷத்திலிருந்து பஜார் வியாபாரிகள் சங்கம் ஒன்று வைத்திருந்த துப்புரவுக் கும்பலில் பதினோரு வருஷம் அவள் பதலியாக நின்றவள். வேலைக்குச் சொந்தக்காரி மூக்கம்மாள். மூக்கம்மாள் வராத நாளில் மட்டும் முப்பிடாதிக்கு வேலை. ஆனால் தினமும் ஆறு மணிக்கு வந்து, தயாராக நிற்க வேண்டும். மூக்கம்மாளோ இரும்பால் செய்த மனுஷி. கொச்சி முழுக்கக் காய்ச்சலில் கிடந்த வருஷத்தில்கூட ஒரு தும்மல் போடவில்லை. பதினோரு வருஷத்தில் முப்பிடாதி வேலை பார்த்த நாட்களைவிட நின்ற நாட்கள்தான் அதிகம்.

அன்று முதல் இரண்டாவது பெட்டிக்கு ஒரு துடைப்பு அதிகமாக விழுந்தது. “நில்லுடி மகளே, நில்லு” என்று அதனிடம் சொல்லவும் செய்தாள். ஏனென்றால் இந்தக் கம்பெனியிலும் அவள் இரண்டு வருஷமாகத் தற்காலிகம்தான். ஓணத்துக்கு முன்னால் ஸ்திரமாக்கிவிடலாம் என்று ஷேணாய் வாயால் சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து எதிலும் ஸ்திரமாகாத ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமா? காலண்டரில், ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற அத்தம் நாளைச் சுற்றி அவள் போட்ட பேனா வட்டம், நாள்தோறும் மறுபடி மறுபடி வரைந்ததில், கடைசியில் காகிதத்தையே கிழித்துவிட்டது.

கர்க்கடக மாசம், அதாவது நம் ஆடி; ஒரு செவ்வாய்க்கிழமை. அடைமழை. காலை ஒன்பதரைக்குக் கேட்டில் ஒரு லாரிக்கு மிளகுச் சீட்டு வந்தது. அடுத்த லாரிக்கும் அதே மிளகுக்குச் சீட்டு வந்தது. மூன்றாவது லாரி சுக்கு எடுக்கப் போனால் அந்த அடுக்கில் ஜாதிக்காய் இருந்தது. பத்து மணிக்கு எந்தச் சாக்கு யாருடையது என்று கடவுளுக்கே தெரியாத நிலை. லாரி வரிசை தோப்பும்படி ஜங்ஷன் வரை நின்றது. டிரைவர்களின் வசவு அதையும் தாண்டிப் போனது.

அம்பிளி ஓடிவந்து பார்த்தாள். நீல வயர் அதன் துளையிலிருந்து பாதி கழன்று தொங்கியது. மூன்று நாள் உட்கார்ந்து, பழைய டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்தாள்.

“பெருச்சாளி” என்று தீர்ப்புச் சொன்னார் ஷேணாய். “அரிசி மண்டிக்குப் பக்கத்திலே கிடங்கு வச்சா இதுதான் கதி.” பொறிகள் வந்தன. ஏழு பெருச்சாளிகள் பிடிபட்டன. அதில் ஒன்றைப் பார்த்துத் தெருப் பூனை வழிவிட்டு ஒதுங்கி நின்றதாம்.

முப்பிடாதிக்கு மட்டும் அந்த ஏழு பேரின் மீதும் பரிதாபமாக இருந்தது. பெருச்சாளி கடிக்கும், கொறிக்கும், உருவுமா? செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது பெட்டிக்குப் பின்னால் துடைப்பத்தை நுழைத்து அந்த அதிகப்படியான துடைப்பைப் போட்டபோது, கட்டை எதிலோ தட்டி “க்ளக்” என்று ஒரு சத்தம் கேட்டது அவளுக்கு நினைவிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓணத்துக்கு ஸ்திரம். திறந்தால் வீடு. பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட அந்தப் பழைய வியாதி பெரிதாக இருந்தது. ஒரு மெல்லிய வயர் கழன்றால் இரண்டு நல்ல பெட்டிகள் எப்படிப் பைத்தியமாகும்? பெருச்சாளியே காரணம் என்று விட்டுவிட்டால் அதை யாரும் ஆராயப்போவதில்லை. நான்கு நாள் அவளுக்குச் சாயா கசந்தது. சனிக்கிழமை அம்பிளியின் மேஜை அருகே போய் நின்றாள்.

“மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பெருச்சாளிக்குப் பதிலா, ஒரு துடைப்பக் கட்டை தட்டினாலும் அந்த வயர் கழலுமோ?”

அம்பிளி நிமிர்ந்தாள். “எந்தத் துடைப்பக் கட்டை சேச்சி?”

“பொதுவா... ஏதோ ஒரு கட்டை.”

“இந்த அறையில ஆகெ ஒரு கட்டைதான் இருக்கு.”

“ஆமா. அந்தக் கட்டையைத்தான் சொல்லுதேன்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஷேணாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முகம் வற்றல் மிளகாய் நிறத்துக்கு வந்தது. உள்ளே வந்தவர், “திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்” என்றார்.

“போறேன் சார்” என்றாள் முப்பிடாதி. “ஆனா வயர் போனதும் என்ன நடந்துச்சுன்னு மட்டும் மேடம் சொல்லட்டும். தெரியாமப் போனா எனக்கு உறக்கம் வராது.”

அம்பிளி சொன்னாள். ‘நான் இருக்கேன்’ என்ற சத்தம் நின்றதும் பதலி, முதல் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்தது. முதல் பெட்டியோ குத்துக்கல்லாக உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதின. ஒன்று எழுதியதை மற்றது அழித்தது.

முப்பிடாதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இது எங்க தெருவிலே நடந்த கதையில்லா! சார், நீங்க கோவத்தை ஒரு நிமிஷம் அடக்கிக் கேளுங்க.”

தொண்ணூற்று நாலு என்று ஞாபகம். மூக்கம்மாள் வீட்டை விட்டு இறங்கும்போது வாளியில் மூன்று தட்டு தட்டுவாள். தெருவின் தென்கோடியில் நிற்கிற முப்பிடாதிக்கு அது கேட்டால், அவள் வருகிறாள் என்று அர்த்தம். ஒருநாள் மழை, கிடங்குத் தகரக் கூரைகளில் செண்டை அடித்தது. தட்டு கேட்கவில்லை. முப்பிடாதி தன் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தெற்கிலிருந்து கூட்டினாள். மூக்கம்மாள் வடக்கிலிருந்து கூட்டினாள். இவள் குவித்ததை அவள் இந்தப் பக்கம் தள்ள, அவள் குவித்ததை இவள் அந்தப் பக்கம் தள்ள, ஒன்பது மணிக்குத் தெரு கூட்டாமல் விட்டதைவிட நாறியது. நடுத்தெருவில் இருவரும் முட்டிக்கொண்டபோது நடந்த பேச்சை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?” அம்பிளி கேட்டாள். ஷேணாயும் கதவுக்கு வெளியே போகாமல்தான் நின்றார்.

“இசக்கிமுத்து மேஸ்திரி ஒரு சட்டம் போட்டார். ரெண்டு வண்டியையும் குழாயடியிலே பக்கத்துப் பக்கத்திலே நிப்பாட்டணும். ரெண்டு பேரும் வாளியிலே தட்டணும்; மத்தவ சத்தம் கேக்கலேன்னா, முதல்லே அவ வண்டிச் சக்கரத்துக் கடையாணியை உருவி மடியிலே வச்சுக்கணும். அதுக்கப்புறம்தான் நம்ம வண்டியைத் தொடணும். அவ உசிரோடவே வந்தாலும் வண்டி நகராதில்லா?”

அம்பிளி பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு பெட்டி சொன்னால் மற்றப் பெட்டியின் கரண்டை வெட்டுகிற சுவிட்ச் உண்டு என்று அவள் படித்திருந்தாள். வாங்க வேண்டாம், வீண் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒதுக்கியவர் யாரென்றால், மிளகாய் நிறத்தில் நின்ற அதே ஷேணாய்தான். அவர் இருமினார்.

“சரி, சுவிட்ச் வரட்டும்” என்றார். “அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கிடங்கு மூடியிருக்கும். இவளே அந்த வயரை உருவட்டும். சீட்டு நிக்காம வந்தா இவ இருக்கட்டும். நின்னா, ரெண்டாவது பேச்சு இல்லை.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. கீழே கேட்டில் ஒரு கிளார்க் வெற்றுச் சீட்டுகளை அடித்துக்கொண்டேயிருக்க, அந்தப் பிரிண்டரின் கிர்ர் சத்தம் மாடிவரை கேட்டது. முப்பிடாதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நீல வயரை உருவினாள்.

டக். முதல் பெட்டி அணைந்தது. டக். இரண்டாவதும் அணைந்தது. பிரிண்டர் நின்றது. ஏசியின் மூச்சு மட்டும் கேட்டது.

“தீர்ந்தது” என்றார் ஷேணாய்.

அம்பிளி குனிந்து சுவிட்சைப் பார்த்தாள். முப்பிடாதியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அம்பிளி தோளைத் தொட்டால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதுவும் நடந்துச்சு மேடம்! நானும் மூக்கம்மாளும் ஒரே சமயம் குனிஞ்சு, நான் அவ ஆணியை உருவ, அவ என் ஆணியை உருவ, ரெண்டு பேரும் ஆணியைப் பிடிச்சுக்கிட்டு ‘நீ முதல்லே குடு’, ‘நீ முதல்லே குடு’ன்னு மத்தியானம் வரைக்கும் நின்னோம். தெரு அப்படியே கிடந்துச்சு.”

“அதுக்கு மேஸ்திரி என்ன சொன்னார்?” என்று கேட்டது அம்பிளி இல்லை, ஷேணாய்.

“பதலி இருபது எண்ணணும், அதுக்கப்புறம்தான் ஆணியிலே கை வைக்கணும்னார். சொந்தக்காரி உசிரோட இருந்தா அந்த இருபதுக்குள்ளே அவ முந்திக்குவா. இருபதாகியும் யாரும் என் ஆணியை உருவலேன்னா, அவ நெசமாவே வரலே.”

அம்பிளி உட்கார்ந்தாள். பெட்டிகளை எழுப்பி, பதலி மட்டும் இருபது செகண்ட் பொறுக்கும்படி அரை மணி நேரம் தட்டினாள். இரண்டாம் முறை முப்பிடாதி வயரை உருவியபோது பதலி மட்டும் டக்கென்று அணைந்தது. கீழே பிரிண்டர் ஒரு வரிகூட விடாமல் ஓடியது.

“இது பாதிதான்” என்றாள் அம்பிளி. பதலியை எழுப்பி, நீல வயரைச் செருகி, முதல் பெட்டியின் கரண்ட் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிரிண்டர் நின்றது.

முப்பிடாதி சத்தமாக எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தைந்து. ஷேணாய் வாட்சைப் பார்த்தார். முப்பத்தொன்று.

“என்னடி இது?”

“வண்டியை எடுக்கணும், துடைப்பத்தை எடுக்கணும், தெருவிலே இறங்கணும். உடனே குப்பையை அள்ள முடியுமா சார்?” என்றாள் முப்பிடாதி, எண்ணிக்கையை விடாமல். நாற்பது. நாற்பத்தைந்து. பதினோரு வருஷம் தெருவில் நின்ற கால்கள் அவளுக்கு இப்போதுதான் வலித்தன.

நாற்பத்தேழில் பதலியின் விளக்குகள் சிதறியதுபோல மின்னத் தொடங்கின. கீழே கிர்ர் என்றது.

“எண்ட மோளே!” என்று கத்தி, முப்பிடாதி அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிக்கப் போனாள். அம்பிளி குறுக்கே பாய்ந்து தடுத்தாள். “வயர், சேச்சி, வயர்!”

அத்தம் நாளன்று ஸ்திரக் கடிதம் வந்தது. அதில் வேலை என்ற இடத்தில் ‘துப்புரவு’ என்று டைப் அடித்து, கீழே ஷேணாய் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கி, பதலி எழுந்து வருகிறதா என்று பார்க்கவும்.

முப்பிடாதி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அம்பிளியைப் பார்த்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம். இந்தக் கட்டடமே முங்கிப்போனா?”

அம்பிளி நாற்காலியைத் திருப்பினாள். “ஆலுவாவில நமக்கு இன்னொரு கிடங்கு இருக்கு” என்றாள் மெதுவாக. “உக்காருங்க சேச்சி. சாயா சொல்லட்டா?”