அட்டைக்கு உறைக்காத பாக்கெட்

கல்யாணத்துக்கு முன் நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சிகரெட்டை விட வேண்டும். அவர் ஹட்டனில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தாலே அந்த வாடை குமட்டும். அந்த வயதில் எனக்கு ஆபத்து என்றால் வாடைதான். வாடை போனால் ஆபத்தும் போய்விடும் என்று நினைத்தேன்.

விட்டார். அதற்குப் பதிலாகப் பாக்கெட் வந்தது. பாக்குத் தூளும் புகையிலையும் ஏதோ வாசனையும் கலந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டோ ஸ்டாண்டில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லார் கன்னத்திலும் அது இருந்தது.

"நெருப்பும் இல்ல, புகையும் இல்ல. நெஞ்சுக்குள்ள என்ன போகப்போகுது?" என்று கேட்டார். ஏலக்காய் மணத்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இருந்தாலும் ஒரு சந்தேகம் இருந்தது. அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். மழை நாளில் காலில் அட்டை ஏறினால், பக்கத்து நிரையில் நிற்கும் அக்கா புகையிலை போட்ட வெற்றிலை எச்சிலைத் துப்பித் தேய்த்துவிடுவார். அட்டை சுருண்டு விழும். புகையிலையின் காரத்தை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் அளப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குறுக்குப் பாதையில் வரும்போது என் கணுக்காலில் ஓர் அட்டை.

"உங்க பாக்கெட்ட வச்சுப் பாருங்க" என்றேன்.

கன்னத்திலிருந்து விரலால் எடுத்துத் தடவினார். இருவரும் குனிந்து பார்த்தோம். அட்டை அசையவே இல்லை. அது பாட்டுக்கு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

"அட்டைக்கே உறைக்கல, எனக்கா உறைக்கப்போகுது?" என்றார்.

சிரித்தேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். அந்தப் பரிசோதனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு டவுனுக்குப் போனால் நானே பாக்கெட் வாங்கி வந்தேன்.

ஐந்தாவது வருடம் சம்பல் வாயில் எரிகிறது என்றார். மிளகாயைக் குறைத்தேன். வாய் முன்போல அகலத் திறக்கவில்லை என்றார். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தேன். அப்புறம் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் இன்னும் சில மாதங்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அந்த இடத்தில் ஒரு துளி சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்பது இரண்டு வாரத்தில் தெரியும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் சமைத்தேன், துணி துவைத்தேன், பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போனேன். அழுகை வரவில்லை. பயம் என்றும் சொல்ல முடியாது. குளிரில் மரத்த விரலால் கொழுந்து கிள்ளுவதுபோல நாட்கள் போயின.

குறித்த நாளில் போனோம். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் தாளைப் படித்தார்.

"புற்றுநோய்தான். கன்னத்தில ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேணும்" என்றார் மெதுவாக.

நாங்கள் தலையாட்டினோம். டொக்டர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "சிகரெட் குடிக்கிறனீங்களோ?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி திறந்த வாயால், "இல்லைங்க டொக்டர். கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டுட்டேன். இவங்கதான் விட வச்சாங்க" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

"நல்ல விசயம்" என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். "வேற என்ன பாவிக்கிறனீங்கள்?"

அவர் வாயைத் திறக்கச் சிரமப்பட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"பாக்கெட்டுங்க டொக்டர். நான்தான் வாங்கிக் குடுத்தேன்."