ஆறாம் வாசல்

பலகையின் முன் நின்று நீவெஸ் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கஸ்தெல்மோரோ கால்பந்து மைதானத்துக்குத் தொண்ணூறு வயது ஆனதற்காக நகராட்சி அதன் வெளிச்சுவரில் வரலாற்றுப் பலகை வைத்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ரொட்டி வாங்கப் போகிற வழியில் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அதைப் படிக்கிறாள். போகிற வருகிறவர்கள் காதில் விழும்படியே திருத்துகிறாள்.

'1934: கோலாகலமான திறப்பு விழா' என்கிறது பலகை. "கோலாகலமாம்! கொட்டுற மழை. பாசிஸ்டுக் கட்சிக் கறுப்புச் சட்டைக்காரங்க கைதட்டுன்னாங்க, எங்கப்பா தட்டினாரு. எதுக்குன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது." '1944: போரினால் ஆட்டங்கள் நிறுத்தம்.' "கோல் கம்பத்துக்கு நடுவுல எங்கம்மா முட்டைக்கோஸ் போட்டாளே, அதை எவன் எழுதுவான்?" '1951: போ நதியில் வெள்ளம். வீடிழந்தோருக்கு மைதானம் அடைக்கலம் தந்தது.' "நூறு குடும்பம், ரெண்டு கக்கூஸ். நல்ல அடைக்கலம்."

1979 வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. 'ஆறாம் வாசல் காவலரின் அவசரத்தால் ஒருவர் உயிரிழந்தார்.' அந்த வரியில் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். அந்தக் காவலர் அவள்தான்.

அறுபத்தொன்பது வயது. குட்டையான, கெட்டியான உடம்பு. முட்டையைக் கடிகாரம் பார்த்து அவிக்கமாட்டாள், தண்ணீரையே முறைத்துக்கொண்டு நிற்பாள். தேவாலயத்திலிருந்தும் பேருந்திலிருந்தும் கடைசி ஆளாகத்தான் வெளியே வருவாள். "போங்க, போங்க, எனக்கென்ன அவசரம்" என்பாள். அந்த ஊரில் வேறு யார் சொன்னாலும் அது சாதாரணப் பேச்சு.

அப்பா மைதானக் காவலர். வாசலை ஒட்டிய சின்ன வீடு வேலையோடு வந்தது. அவருக்கு முட்டி தேய்ந்துபோனபின் ஆறாம் வாசலின் சாவி இருபது வயதில் அவள் இடுப்புக்கு வந்தது. ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வாசலைத் திறந்துவிடுவார்கள். சீட்டு வாங்க வழியில்லாதவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், வயசானவர்கள், பிள்ளைகள் எல்லாரும் அதற்காக மணிக்கணக்காக வெளியே நிற்பார்கள். ஊரில் பாதிப் பேர் ஆட்டத்தின் வாலை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள்.

அந்தச் சாவு நடந்த அன்று சொந்த அணி நான்கு கோல் வாங்கியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் பாக்கி. வாசலை ஒட்டிய காவல் அறையில் போன் அடித்தது. கிளப் இயக்குநர் துலியோ பெனாஸி. "டி.வி. கேமரா வந்திருக்கு, இருக்கையெல்லாம் காலியாத் தெரியுது. திற." திறந்தாள். உள்ளே போன கூட்டமும் வெளியே வந்த கூட்டமும் அந்தக் குறுகிய நடையில் மோதின. சூளைத் தொழிலாளி ஓரெஸ்தே ஸம்பியேரி எழுந்திருக்கவே இல்லை.

"நான் போனே பண்ணலை" என்றார் பெனாஸி. "வீடு கிளப்போடது, நீவெஸ். வாயைத் திறந்தா நாளைக்கு நாம ரோட்டுல" என்றார் அப்பா. தானாகவே அவசரப்பட்டுத் திறந்ததாக எழுதிய வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். எட்டு மாதத் தண்டனையை நீதிபதி நிறுத்திவைத்தார். பெனாஸி செத்தபின் மைதானத்தின் நடுப் பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பலகை வந்த வாரமே நீவெஸ் நகராட்சிக்குப் போனாள். "அந்த ஒரு வரியை மட்டும் மாத்துங்கம்மா. அவசரம் என்னுது இல்ல." அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா கோர்ட்டுக் காகிதம் அப்படி இருக்கே. போன் வந்ததுன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுக்கட்டும், மாத்திடலாம்."

அந்த ஒருத்தர் யாரென்று நீவெஸுக்குத் தெரியும். பதினெட்டு நாள் யோசித்தாள். நேற்று பேருந்து ஏறி லொரெதானா ஸம்பியேரியின் தையல் கடைக்குப் போனாள். செத்தவரின் மகள். அன்று அப்பாவோடு வாசலில் முதல் ஆளாக நின்ற பதின்மூன்று வயதுப் பெண்.

"கதவைச் சாத்துங்க, குளிருது" என்றாள் லொரெதானா, வாயில் குண்டூசிகளோடு.

"நான் யாருன்னா…"

"தெரியும். நாப்பத்தஞ்சு வருஷமா உங்களைப் பாத்தாத் தெருவை மாத்துறேனே, தெரியாமலா?"

நீவெஸ் நின்றபடியே சொல்லி முடித்தாள். "அறையில போன் அடிச்சது உனக்குக் கேட்டிருக்கும். அதை எழுதிக் குடு. அது போதும்."

லொரெதானா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். "கேட்டுச்சு. அது மட்டுமா கேட்டுச்சு? 'ஆளுங்க வெளிய வந்துட்டிருக்காங்க, நசுங்கிடுவாங்க'ன்னு நீங்க போன்ல சொன்னதும் கேட்டுச்சு. சொல்லிட்டுத்தான் திறந்தீங்க. எங்கப்பா என் தோளைத் தட்டி, 'பாத்தியாடி, இன்னிக்குப் பத்து நிமிஷம் லாபம்'னு சிரிச்சாரு."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"பதிமூணு வயசுப் பொண்ணை யாரு கேட்டா? நீங்க வந்து கேட்டீங்களா?"

தையல் மெஷின் மேல் மழை வெளிச்சம் விழுந்திருந்தது. லொரெதானா பில் புத்தகத்தின் பின்தாளைக் கிழித்தாள். "எழுதித் தர்றேன். எழுதினா ரெண்டையும்தான் எழுதுவேன்."

அவள் எழுதி நீட்டிய தாளை நீவெஸ் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாள். போன் அடித்தது, ஒரு வாக்கியம். நசுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தே திறந்தாள், இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவே தாளை மடித்தாள். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டினாள், மறுபடி ஒருமுறை அழுத்தி. கிழித்தால் மேல்பாதி தனியாக வந்துவிடும். ஆனால் லொரெதானா போட்ட கையொப்பம் கீழ்ப்பாதியில் இருந்தது.

பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. நீவெஸ் ஏறவில்லை. தாளைப் பிரித்துத் தொடையில் வைத்து, அந்த மடிப்பு போகும்படி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.