ஐம்பத்து நாலு கிராம்

எங்கள் முதலாளி எடையை நம்புகிறவர். பாட்டிலைக் கையில் வாங்கி இரண்டு தரம் மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். கனத்தால் நல்ல பாட்டில், கனக்காவிட்டால் மோசம். நான் பிளாஸ்டிக் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்து, வேலம்பாளையத்தில் இருந்த அவருடைய சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரே பனியன் தைக்கும்போது மகள் பாட்டில் ஊதப் போகிறாளே என்று அம்மாவுக்கு வருத்தம். அவள் ஓவர்லாக் டெய்லர். எக்ஸ்போர்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாமே என்பாள். எனக்கென்னவோ, உருகிய பிளாஸ்டிக் குழாயாகத் தொங்கும்போது மோல்டு என்கிற அச்சின் இரண்டு பாதியும் வந்து மூடிக்கொள்ள, உள்ளே காற்று ஊதி, திறந்ததும் பாட்டில் பொத்தென்று விழுகிற அந்தக் கணம் பிடித்துப்போயிருந்தது.

இருந்தது ஒரே மெஷின். அதன் ஓட்டத்தில் பாதி ஒரு எண்ணெய் வியாபாரிக்காக. நிட்டிங் மெஷின்களின் ஊசிக்கு விடுகிற எண்ணெயை எங்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து ஊர் முழுக்க விற்றார். ஒரு நாள் காலை வந்தவர் வேறு யாரோ செய்த பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்தார்.

"எடை போட்டுப் பாருங்க."

போட்டேன். ஐம்பத்தைந்து. எங்களுடையது அறுபத்தெட்டு.

"பிளாஸ்டிக் விலை ஏறுதுன்னு நீங்களும் ஏத்திக்கிட்டே போறீங்க. இந்தக் கனத்துக்கு வாங்க, உங்ககிட்டயே எடுத்துக்கறனுங்க. பதினஞ்சு நாளுங்க. அதுக்கப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாதுங்க."

அவர் போனால் ஒரு ஷிப்ட் நின்றுவிடும். அந்த ஷிப்டில் மெஷின் ஓட்டுகிற அக்காவும் போவாள், நானும் போவேன். முதலாளி அதைச் சொல்லவில்லை. அவர், அக்கா, நான் மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

"இதுக்கெதுக்குங்க பதினஞ்சு நாளு? சன்னமா ஊதுனா தீந்துது" என்றார் முதலாளி.

சன்னமாக ஊதினோம். தண்ணீர் நிரப்பி, அட்டைப் பெட்டியில் போட்டு, நாலு பெட்டி உயரம் அடுக்கினோம். மறுநாள் காலையில் அடிப்பெட்டி சப்பளிந்து கிடந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் தோள் உள்ளே போயிருந்தது.

ஹாக்ஸா எடுத்து ஒன்றை நெடுக்கில் அறுத்தேன். அடி இரண்டு ரூபாய்க் காசு கனம். தோளை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் என் விரல் தெரிந்தது. குழாய் தொங்கும்போதே தன் கனத்தில் கீழே இழுத்துக்கொள்கிறது. மேலே இளைக்கிறது, கீழே கொழுக்கிறது. பிளாஸ்டிக் குறையவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அறுத்த பாட்டிலைக் காட்டி முதலாளியிடம், "வடிவத்த மாத்தோணுங்க. மோல்டக் குடுங்க" என்றேன்.

அவர் அந்தப் பாதிப் பாட்டிலை வழக்கம்போலத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "ஏன் அம்மிணி, கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாதுங்க."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மோல்டை ஆளுக்கொரு பாதியாகச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் அக்காவும் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் காலால் நகர்த்திப் பார்த்து, "எதுங்க இது, ஆட்டுக்கல்லா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பட்டறையில் தோளின் முனையை உருட்டி வளைத்தோம், அடிமூலையையும் அப்படியே. பிறகு என் செல்லத் திட்டம்: பாட்டிலைச் சுற்றி உள்ளே அமுங்கின நாலு வளையம். அலுமினியப் பட்டைகளை மோல்டுக்குள் திருகாணி போட்டு இறுக்கினால் பாட்டிலில் வளையம் விழும். வளையம் விழுந்த சுவர் மெலிதாக இருந்தாலும் வளையாது. தகரக் கூரைத் தகட்டுக்கு நெளிவு கொடுக்கிற அதே கணக்கு.

ஐம்பத்து நாலு கிராம் வந்தது. தலை உயரத்திலிருந்து போட்டோம், உடையவில்லை. ஆறு பெட்டி அடுக்கினோம், அசையவில்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூடி போட்ட பாட்டில் மேல் ஏறியே நின்றார். அன்றைக்கு அக்கா வாங்கிக்கொடுத்த பஜ்ஜிக்கு இன்னும் நாக்கில் ருசி இருக்கிறது.

வியாபாரி நாற்பது பாட்டிலில் எண்ணெய் அடைத்து ஒரு நிட்டிங் கம்பெனிக்குக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் போன். "வேண்டாங்கறாங்க. பழசத்தான் கேக்கறாங்க." கையில் ஐந்து நாள் மிச்சம்.

சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கத்தினால்தான் பேச்சுக் கேட்டது. என் வயசுதான் இருக்கும் அந்த ஆபரேட்டருக்கு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பாட்டில் கம்பெனி என்றதும் சிரித்துவிட்டான். முதலாளி ஏறி நின்ற கதையை வியாபாரி அங்கேயும் சொல்லியிருந்தார்.

"பாட்டிலுக்கு மேல ஏறி நின்னதெல்லாம் ஒங்க ஆளுகதானா? நாங்க ஏறி நிக்கதுக்கா வாங்குதோம்? அமுக்கதுக்குல்லா வாங்குதோம்!"

செய்து காட்டினான். உடைந்த நிட்டிங் ஊசி ஒன்றை லைட்டரில் சுடவைத்து மூடியில் குத்தினான். பொடித் துளை. வலது கை நூலில் இருக்க, இடது கையால் பழைய பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கினான். ஊசி வரிசை மேல் எண்ணெய் மயிரிழை மாதிரி ஓடியது. விட்டதும் பாட்டில் பழையபடி ஆனது.

"இப்ப ஒங்க சாமான்." துளை போட்ட மூடியை அதில் மாட்டி அமுக்கினான். என் வளையங்கள் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கியதும் டொக்கென்று உள்வாங்கி எண்ணெய் பீய்ச்சியது. கீழே சுருண்டு இறங்கிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் உள்ளங்கையளவு கறை.

"இதுக்கு சூப்பர்வைசர்ட்ட நீங்களே பதில் சொல்லிருங்க, என்னா?"

எங்கள் வீட்டிலும் அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது அப்படித்தான். மூடியில் துளை போட்ட பாட்டில் ஒன்று ஜன்னலில் வருஷக்கணக்காக நிற்கிறது. எங்கள் கம்பெனிப் பாட்டில்தான். தினமும் பார்த்திருக்கிறேன். எத்தனை பெட்டி தாங்கும் என்றுதான் யோசித்தேனே தவிர, ஒரு கை அதை என்ன செய்கிறது என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பஸ் ஸ்டாப் வருவதற்குள் வெட்கம் போய் வேகம் வந்துவிட்டது.

தோளுக்குக் கீழே இருக்கிற வளையமும் அடிக்கு மேலே இருக்கிற வளையமும் இருக்கட்டும், பெட்டியின் பாரத்தை அவை வாங்கிக்கொள்ளும். கை படுகிற நடுவில் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். அன்று சாயங்காலமே கழற்றினோம். திருகாணித் துளைகளை அடைத்து, அரம் போட்டுத் தேய்த்தோம். ஆனால் வளையம் இல்லாத நடுச்சுவரில் மெலிசான இடம் இன்னும் இருந்தது. அமுக்கினால் குழி விழுந்தது, எழவில்லை.

குழாய் தொங்குகிற நேரத்தைக் குறைத்தால் இழுபடுவது குறையும். நேரத்தைக் குறைக்க, மோல்டு சீக்கிரம் குளிர்ந்து பாட்டிலை விட வேண்டும். மோல்டுக்குள் ஓடுகிற தண்ணீரைக் குளிரவைக்க எங்களிடம் சில்லர் மெஷின் கிடையாது. மொட்டை வெயிலில் நிற்கிற தண்ணீர்த் தொட்டிதான். காலையில் ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் நாலு பார் ஐஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பாட்டிலுக்கு சர்பத்து போடறியா கண்ணு?"

"நீங்க ஸ்பீடக் கூட்டுங்கக்கா."

தொட்டியில் ஐஸ் மிதக்க மிதக்க மெஷினை முடுக்கினோம். இருபத்து நாலு செகண்டுக்கு ஒரு பாட்டில் விழுந்த மெஷினில் இருபத்தொன்று, பத்தொன்பது, கடைசியில் பதினெட்டு. முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப்பார்த்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். ஒன்றை அறுத்தேன். தோள், நடு, அடி எல்லாம் ஏறக்குறைய ஒரே கனம். தராசு ஐம்பத்து நாலு காட்டியது. பெட்டியில் அடுக்கினோம், நின்றது.

இரண்டு நாள் மிச்சம் இருக்க, எண்ணெய் நிரப்பின மூன்று பாட்டிலோடு அந்த நிட்டிங் கம்பெனிக்குப் போனேன்.

"நூறு தரம் அமுக்குங்க. ஒரு தரம் டொக்குன்னாலும் எடுத்துட்டுப் போயிருதேன்." அவனோடு பேசியதில் எனக்கும் அவன் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"நூறா? எனக்கு என்ன, வேற சோலி இல்லியா?"

இருந்தாலும் துளை போட்டான். மெஷின் மெஷினாகப் போய் எண்ணெய் விட்டான். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு நடந்தேன். முப்பதில் திரும்பி, "இன்னுமா எண்ணுதீக?" என்றான். அறுபதுக்கு மேல் அவன் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. நூல் அறுந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே, கை தன்பாட்டுக்கு அமுக்கியது. நூறு ஆனதைச் சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். அவன் பழைய பாட்டிலைக் கழிவு நூல் மூட்டைக்குள் வீசிவிட்டு, புதியதை அது இருந்த இடத்தில் வைத்திருந்தான்.

மறுநாள் வியாபாரி வந்து, முதலாளி மாதிரியே பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "கையில இருக்கறதே தெரியலீங்க" என்றார். முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது. ஷிப்ட் நிற்கவில்லை. ஐஸ் மூன்று மாதம் வந்தது, பிறகு ஒரு பழைய சில்லர் வாங்கினார்.

திருகாணித் துளைகளை எவ்வளவு தேய்த்தும் தடம் முழுதாகப் போகவில்லை. பாட்டிலின் நடுவில் பக்கத்துக்கு நாலு பொட்டுப் புள்ளி, சதுரமாக விழுந்தது. மோல்டை மறுபடி பாலிஷ் போட்டுவிடலாம் என்று நானே சொல்லி, ஒரு பாட்டிலோடு அந்தக் கம்பெனிக்குப் போனேன்.

"அத எடுத்துராதீக" என்றான் அந்த ஆபரேட்டர். "கட்டவிரல் எங்க வைக்கணும்னு பாக்காமலே தெரியுதுல்லா."

அப்படியே விட்டுவிட்டேன். அடியில் மட்டும் இன்னும் இரண்டு கிராம் வீணாகக் கிடப்பது தெரிந்தது. திரும்பி வந்ததும் ஹாக்ஸாவை எடுத்தேன்.