புளியமரத்துக் கோட்டை

எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது என் போன்தான்.

கல்யாணம் நிச்சயமான புதிது. சேலத்தில் கதவெண் போட்ட தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். போகப்போகிற ஊர் எப்படி இருக்கும் என்று மேப்பில் தேடினேன். கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே எங்கேயோ, பச்சையும் பழுப்புமாகக் கிடந்த நிலத்தின் மேல் 'புளியமரத்துக் கோட்டை' என்று எழுதியிருந்தது. இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதில் ஒன்றும் தெரியவில்லை. இடிந்து போயிருக்கும், கல்லாவது மிச்சமிருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். தோழிகளிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கல்யாணமாகி வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "கோட்டை எங்கங்க இருக்குது?"

அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரை ஏறிவிட்டது. "கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. கொட்டாய்! மாட்டுக் கொட்டாய் தெரியுமா, அந்தக் கொட்டாய்!"

கொட்டாய் என்றால் கொட்டகை. மாடு கட்டக் கூரை போட்டால் மாட்டுக் கொட்டாய், படம் காட்டினால் சினிமாக் கொட்டாய். இந்தப் பக்கம் அவரவர் காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருப்பார்கள். காடு என்றதும் யானையும் புலியும் நினைக்க வேண்டாம்; சோளமும் துவரையும் விளைகிற மானாவாரி நிலத்துக்குத்தான் இங்கே காடு என்று பெயர். எவரோ ஒருவர் தன் காட்டில் முதலில் ஒரு கொட்டாய் போட்டிருப்பார். அண்ணன் தம்பி, பங்காளி என்று பக்கத்தில் நாலைந்து வீடு எழும்பும். அப்புறம் ஊர்ப்பெயரே கொட்டாய் என்று முடிந்துவிடும். அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் கொட்டாயும் கோட்டையும் ஒன்றுதான். எந்திரம் திரும்பத் தமிழாக்கியபோது எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு மகுடம் சூட்டி உட்கார வைத்துவிட்டது.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். இந்தச் சீமையில் புளியமரம் இல்லாத கொட்டாய் எங்கே இருக்கிறது? ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் ஒரு புளியமரத்துக் கொட்டாய் இருக்கிறது. மேப் இரண்டையும் பிசைந்து ஒன்றாக்கி, எங்கள் ஊரின் எல்லா விவரத்தையும் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் கொட்டாயின் தலையில் கட்டியிருந்தது.

எனக்குப் பொதுவாகவே பொறுமை கிடையாது. போனில் வழி சொல்கிற பெண் குரலோடு சண்டை போடாத நாள் குறைவு. சேலத்திலிருந்து என் அண்ணன் வரும்போதெல்லாம் அவள் அவனை ரயிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று தேனாகச் சொல்வாள். "இவ வாயில மண்ணப் போட" என்று நான் திட்டுவேன். கூரியரில் எதையாவது வரவழைத்தால், முகவரியில் ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர், இரட்டைப் பனை எல்லாம் எழுதி, கடைசியில் 'வந்ததும் போன் செய்யவும்' என்று முடிப்பேன். எங்களுக்குக் கதவெண் என்றால் அந்தக் கடைசி வரிதான்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, எங்கள் செவலைக்குத் தலைச்சன் ஈத்து வருகிறவரைக்கும்.

செவலை என் மாடு. வீட்டுக்கு நாலு மாடு இருந்தாலும் அது என் மாடுதான். கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்தது. நகரத்துக்காரிக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்று உறவுக்காரர்கள் கிண்டல் செய்தபோது, என் முந்தானையைச் சப்பிக்கொண்டே காடெல்லாம் என் பின்னால் சுற்றி அவர்கள் வாயை அடைத்தது. அது சினைப்பட்டதும் நானே உண்டானதுபோல் நடந்துகொண்டேன் என்று என் மாமியார் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

அன்று மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை. செவலை எழுந்தது, படுத்தது, மறுபடி எழுந்தது. முக்கி முக்கிக் கண் பிதுங்கியது. மாமியார் குனிந்து பார்த்துவிட்டு முகம் மாறிப்போனார். "ஒத்தக் காலுதான் வருது. இன்னொண்ணு உள்ள மடங்கிக்கிட்டிருக்குது. டாக்டரக் கூப்புடச் சொல்லுமா. விட்டா தாயும் போய்டும், கன்னும் போய்டும்."

வழக்கமாக வருகிற டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் சொன்ன இன்னொரு டாக்டரை வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் இந்தப் பக்கத்துக்குப் புதிது. ஊர்ப்பெயரைக் கேட்டதும், "மேப்ல வருதுங்க, வந்துடறேன்" என்று வைத்துவிட்டார். மேப்பில் வருகிறது என்ற வார்த்தையைக் கேட்டதுமே நான் போனைப் பிடுங்கி வழி சொல்லியிருக்க வேண்டும். செவலையின் முனகலில் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

டாக்டர் போன் செய்தபோது குரலில் கோபம். "என்னாங்க, நல்ல மாட்டக் காட்டி வெளையாடுறீங்களா?"

நடந்தது இதுதான். அந்தப் பெண் குரல் அவரை நேராக ரயிலுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டாயில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர் வாசலுக்கு வந்து "வாங்க, வாங்க" என்றிருக்கிறார். வந்தவரை யார் நீங்கள் என்று கேட்கிற பழக்கம் இங்கே கிடையாது. முதலில் வாங்க, அப்புறம் தண்ணீர்; வந்த காரியம் தானாக வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். டாக்டர், "மாடு எங்கங்க?" என்று அவசரமாகக் கேட்டிருக்கிறார். மாட்டு டாக்டர் வந்து மாடு எங்கே என்று கேட்டால் அதில் என்ன அதிசயம்? கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். இவரும் கையைக் கழுவி, உறை மாட்டி, உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு இப்பத்தான் மூணு மாசம்" என்றிருக்கிறார். சினை நின்றதா இல்லையா என்று தவித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் ஒரே சந்தோஷம். டாக்டருக்குத்தான் தலை சுற்றியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் போனிலேயே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ரயில்வே கேட்டில் காத்திருந்து கூட்டிவருவதாக வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். இங்கிருந்து பார்த்தால் அந்தக் கொட்டாயின் புளியமரத்து உச்சி தெரியும். ஆனால் வண்டி வர வேண்டுமென்றால் கேட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து, ஆள் தாண்டவும் வழியில்லாமல் ஒரு கூட்ஸ் வண்டி கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் வீட்டுக்காரர். கொட்டகையில் நானும் மாமியாரும் செவலையும்.

வீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கி, டாக்டர் என் போனில் வீடியோவில் வந்தார். "மாட்டக் காட்டுங்க" என்றார். மாமியார் போனைப் பிடித்தார். "அம்மா, உங்க நெத்தி தெரியுதுங்க. மாட்டுப் பக்கம் திருப்புங்க." திருப்பினார். டாக்டர் உற்றுப் பார்த்தார். அப்புறம், "உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கை சின்னது?" என்றார்.

மாமியாரின் கை களைக்கொத்து பிடித்துக் காய்த்த அகலக் கை. அவர் என் கையைப் பார்த்தார். நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"வண்டி எப்ப நகரும்னு தெரியல. அதுவரைக்கும் கன்னு தாங்காதுங்க. நான் சொல்றபடி செய்யுங்க. வளையலக் கழட்டுங்க. நகத்த ஒட்ட வெட்டுங்க. முழங்கைக்கு மேல சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தேங்காண்ணெ தடவுங்க."

எல்லாம் செய்தேன். செவலையின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாந்தான்டீ" என்று அதனிடம் சொன்னேன். கையை உள்ளே விட்டேன்.

அந்தச் சூட்டை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. அப்படி ஒரு உயிர்ச்சூடு. கண்ணைத் திறந்து வைத்திருந்தும் ஒரு பயனுமில்லை. என் விரல்தான் கண். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது.

"அது மூக்கா பாருங்க. வாய்க்குள்ள வெரல விடுங்க."

விட்டேன். ஒரு நாக்கு என் விரலைச் சுற்றி, மெதுவாகச் சப்பியது.

உலகத்துக்கே இன்னும் வராத ஒன்று, என் விரலைப் பால்காம்பு என்று நினைத்துச் சப்பியது. எனக்கு உச்சி முதல் பாதம்வரை புல்லரித்துப் போனது. "டாக்டர், உசுரு இருக்குது! சப்புது!" என்று கத்தினேன். மாமியார் போனைப் பிடித்துக்கொண்டே அழுதார்; டாக்டருக்குக் கொட்டகையின் கூரைதான் தெரிந்திருக்கும்.

"நல்லது. இப்ப எடது பக்கமா கீழ போங்க. முட்டி தட்டுப்படும். மாடு முக்கறப்ப சும்மா இருங்க. முக்கறது நின்னதும் கன்ன உள்ள தள்ளுங்க."

"வெளிய வர்ற கன்னப் போயி உள்ள தள்ளச் சொல்றீங்களே!"

"எடம் கெடச்சாத்தாங்க காலு திரும்பும். தள்ளுங்க."

தள்ளினேன். இடது, கீழே, இன்னும் உள்ளே, கொஞ்சம் மேலே என்று அவர் சொல்லச் சொல்ல என் கை போனது. அங்கே தெருவும் இல்லை, கதவெண்ணும் இல்லை. கண் முன்னால் நிற்கிற புளியமரத்துக்கு வழி தெரியாத அதே போனிலிருந்து வந்த குரல், இருட்டுக்குள் என் விரலை ஒரு குளம்பின் மேல் கொண்டுபோய்ச் சரியாக வைத்தது. நான் மலைத்துப் போனேன்.

"குளம்ப உள்ளங்கையால பொத்திக்குங்க. கர்ப்பப்பையக் கிழிச்சிடக் கூடாது. அப்படியே முன்னால கொண்டு வாங்க."

செவலை முக்கியபோது என் கை எலும்பு நொறுங்கிவிடும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். விட்டது. குளம்பைப் பொத்தி இழுத்தேன். உள்ளே ஏதோ ஒன்று நழுவி, மடங்கியிருந்த கால் நீண்டு வந்தது. இப்போது வெளியே இரண்டு குளம்பு. நடுவில் ஒரு மூக்கு. மாமியார் போனைத் தீவனக் கூடையில் வீசிவிட்டு வந்து என்னோடு சேர்ந்து பிடித்தார். செவலை முக்க முக்க, கீழ்வாட்டமாக இழுத்தோம். கன்று மொத்தமாக என் மடியில் வந்து விழுந்தது.

மூச்சு இல்லை. "மூக்கத் தொடைங்க! வைக்கோல விட்டுக் குத்துங்க!" என்று கூடைக்குள்ளிருந்து டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டு ஆட்டினேன். ஒரு தும்மல். அப்புறம் விலா மேலே ஏறி இறங்கியது. செவலை திரும்பி, என் கையையும் கன்றையும் சேர்த்து நக்க ஆரம்பித்தது.

கிடேரி, பெண் கன்று. தாயைப் போலவே செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை.

கேட் திறந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது கன்று நிற்பதற்குப் பழகிக்கொண்டிருந்தது. டாக்டர் இவ்வளவு இளவயசுக்காரராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பின்னாலேயே அந்தப் பக்கத்துக் கொட்டாய்க்காரரும் வந்திருந்தார். "எம்மாட்டுக்கு வந்த டாக்டராச்சே, அம்போன்னு விட முடியுங்களா?" என்றார். டாக்டர் செவலையைச் சோதித்து, ஊசி போட்டு, கன்றின் வாயில் விரல் விட்டுப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது: "திரும்பிச் செல்லவும்."

கொட்டகையே அதிரச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை.

மறுநாள் சீம்பாலைத் தூக்குவாளியில் ஊற்றி, முதலில் அந்தப் பக்கத்துக் கொட்டாய்க்குத்தான் கொடுத்தனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன். மேப்பில் பிழை திருத்த ஒரு வழி உண்டு என்று அண்ணன் சொல்லியிருந்தான். நான் நிற்கிற இடத்தில் நீலப் புள்ளி துடித்தது. இரண்டு அடி நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. வானத்தில் எங்கோ சுற்றுகிற ஒன்றுக்கு நான் மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிகிறது, ஊர்ப்பெயர் மட்டும் தெரியவில்லை. பாவம், அதற்கு யாரும் சொல்லவே இல்லை. குறியை இழுத்து எங்கள் மரத்தின்மேல் வைத்தேன். கோட்டையை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, கொட்டாய் என்று போட்டேன். "அடுத்தவூட்டு மாடு தப்பிக்கட்டும்" என்றார் மாமியார்.

அந்தத் திருத்தம் ஏறியதா இல்லையா என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. மேப்காரர்களாவது திருத்துவதாவது என்ற எண்ணம்.

கன்று வளர்ந்து என் முந்தானையைச் சப்புகிற பருவம் வந்தது. தடுப்பூசி போட வருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற நாள் சொல்லவில்லை. எப்படியும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று போன் செய்வார் என்று நான் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கவில்லை. மண்பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை, தயங்கவில்லை, யாரையும் கேட்கவில்லை; நேராக வந்து எங்கள் புளியமர நிழலில் நின்றது. நான் சாணிக் கையோடு எழுந்து நின்றேன்.

"நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றாள் டாக்டரின் போனிலிருந்து அவள்.

"வாங்க" என்றேன்.

டாக்டர், தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார்.