ரெஜினா டீச்சர் விட்டுவைத்த மூன்று இடங்கள்

செய்தி வந்தபோது என் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. தோட்ட ஆபீசிலிருந்து வந்தவர் வாசலில் நின்று, "ரெஜினா டீச்சர் போயிட்டாங்களாம். ஜொகூர் ஆஸ்பத்திரியில, விடியக்காலையில. காய்ச்சல் இறங்கவே இல்லையாம்" என்றார். நான் தலையசைத்தேன். மீதி வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்தோம். பக்கத்து அறையில் டீச்சருடைய வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போய் அவர்களையும் உட்காரவைத்தேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இன்றுவரை அழுகை வரவில்லை.

செனாய்க் கடைத்தெருவில், தையற்கடை மாடியில் கூடும் நம் அக்கார்டியன் சங்கத்துக்காக இதை எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் அவரை மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் கண்டவர்கள். நான் நான்கு வருடம் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

என்னைவிட ஆறு வயது மூத்தவர். மதியச் சாப்பாட்டு வேளையில் நான் புத்தகத்தைப் பிரித்தால், "எல்லாம் உள்ளேயே போகுது உனக்கு. ஒன்னாச்சும் வெளிய வருதா?" என்பார். ஒருநாள் பிள்ளைகளின் கைவேலைத் தாள்களை அடுக்கும்போது நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். அதை அவர் கேட்டுவிட்டார். அதிலிருந்து என்னைப் பாடவைப்பதில் குறியாக இருந்தார்.

அவர் முதன்முதலாக மேடையேறிய மாலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெண்பிள்ளை அக்கார்டியன் பெட்டி வாசிப்பதா என்று சிலர் முகம் சுளித்த மாலை அது. காலையிலிருந்து மழை விடவில்லை. படியேறி வந்து பெட்டியைத் திறந்தால், ஈரத்தில் ஒரு கட்டை பேசவில்லை. அழுத்தினால் காற்று மட்டும் வந்தது.

"அலாமாக்" என்று மலாயில் மெதுவாகச் சலித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என் பாட்டுல அந்தச் சுரம் மூணே இடத்துலதான் வருது. அந்த மூணு இடத்துல நீ குரல் குடு. போதும்."

"எல்லாரும் பார்ப்பாங்கக்கா."

"பார்க்கட்டும். வாசிக்கறவ வெக்கப்படலாம், காத்து குடுக்கற துருத்தி வெக்கப்படக் கூடாது. நீ இன்னைக்கு என் துருத்திலா."

சரி என்றேன். முதல் இடம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு சுரத்தின் அளவுக்குக் காத்திருந்துவிட்டு மேலே வாசித்தார். மற்ற இரண்டு இடங்களிலும் அப்படியே. கூடம் முழுக்க அந்த வெற்றிடத்தைக் கேட்டது.

கீழே இறங்கும்போது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மாசிலாமணி கேட்டார்: "என்ன டீச்சர், உங்க பாட்டுக்கு முன்பல்லு விழுந்துருச்சா?"

"விழல கிராணியாரே. ஒருத்தருக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

லாரியில் வீடு திரும்பும் வழியெல்லாம் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அதன்பின் இரண்டு வருடம், ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக அந்தப் பாட்டை வாசித்தார். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று இடங்கள் வெறுமையாகவே இருந்தன. ஜன்னலோரக் கடைசி நாற்காலியில் இருந்த நான், கட்டை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவர் தம்பி பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்தார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லுச்சு டீச்சர்." மேசைமேல் வைத்து, தோல்வாரை அவிழ்த்து, அந்தக் கட்டையை அழுத்தினேன். தெளிவாகப் பேசியது.

"எப்ப சரி பண்ணீங்க?"

"அது அப்பவே ஆச்சே. மழையில நனைஞ்ச அடுத்த வாரமே சிங்கப்பூருக்குக் கொண்டு போயிட்டு வந்தேன். அக்கா சொல்லலியா?"

சொல்லவில்லை.

பெட்டியை இத்துடன் சங்கத்துக்கே அனுப்புகிறேன். அது வாசிக்கப்பட வேண்டிய பொருள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று இடங்களை மட்டும். வரும் சனிக்கிழமை அவர் பாட்டை யார் வாசித்தாலும், அந்த இடங்களில் தயவுசெய்து கட்டையைத் தொட வேண்டாம். ஒரு சுரத்தின் அளவு காத்திருங்கள். குரல் வருமா என்று எனக்கே தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.