அலாரம் வைத்த தோணி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிப்பதா வேண்டாமா என்பதை ஒரு விளையாட்டுத் தோணியும் ஓர் அலாரம் கடிகாரமும்தான் தீர்மானித்தன என்று சொன்னால், கல்லூரி விடுதியில் என் தோழிகள் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

தூத்துக்குடியில் பெரியப்பா கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். கூட்டுக் குடும்பம், அவர் சொன்னதுதான் சட்டம். சித்தப்பா மட்டும் மண்டியில் உட்காராமல் துறைமுகத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அவர் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு தோணி செய்து பாயும் கட்டிவிட்டு, அது கடலுக்குள் போய்த் தானே சுக்கானைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்து சேரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா தயங்கித் தயங்கி என் படிப்புப் பேச்சை எடுத்தாள். பக்கத்துக் கடை அண்ணாச்சிகள் இப்போதே ‘பொட்டப்பிள்ளையைக் கலெக்டராக்கப் போகிறீராக்கும்’ என்று கேலி செய்வதாகப் பெரியப்பா சொன்னார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

“ஏலே, ஒன் தோணி போயிட்டுத் தானா திரும்பி வரட்டும். அன்னைக்கு இவளும் ஆறாப்புக்குப் போகட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை.

சுக்கானைத் திருப்ப உள்ளே ஓர் எந்திரம் வேண்டும். சித்தப்பா முதலில் உடைந்த கிராமபோனின் சுருள்வில்லை வைத்துப் பார்த்தார். பாரத்தில் தோணியின் பின்பக்கம் முங்கியது. வில் விடுபட்ட வேகத்தில் சுக்கான் பிடியே முறிந்துபோனது. அடுத்து ஒரு பாக்கெட் கடிகாரம். கனமே இல்லை, ஆனால் தண்ணீரின் எதிர்ப்பைத் தள்ள அதற்குச் சீவனும் இல்லை. கடைசியில் அவர் கண் பெரியப்பாவின் அலாரம் கடிகாரத்தில் விழுந்தது. மணி அடிக்கும்போது அதன் முதுகில் இருக்கும் மணிச் சாவி தானாகச் சுழலும். அதில் ஒரு நூலைக் கட்டினால் சாவி நூலைச் சுருட்டிச் சுக்கானை இழுக்கும். சுக்கான் முழுக்கத் திரும்பியதும் நூலின் கண்ணி நழுவிவிடும். சைக்கிள் டியூப் ரப்பர் சுக்கானை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

யுத்த காலம். இன்னொரு கடிகாரம் வாங்க முடியாது. பெரியப்பா தினமும் படுக்கப் போகுமுன் தன் கையாலேயே ஓட்டத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என்று அதன் இரண்டு சாவிகளையும் திருகுவார்; வேறு யாரும் தொடக்கூடாது. விடியலில் நாலு மணிக்கு மணி முழுசாக அடித்து ஓயும். மறுபடி சாவி கொடுத்தால்தான் அடுத்த தடவை அடிக்கும். அப்படிப்பட்ட கடிகாரத்தை அவர் எப்படித் தர இசைந்தார் என்று சித்தப்பாவுக்கே ஆச்சரியம்.

முற்றத்துத் தொட்டியில் ஒத்திகை பார்த்தபோது சுக்கான் எதிர்ப்பக்கம் திரும்பியது. கடலில் அப்படித் திரும்பினால் தோணி காற்றுக்கு முகம் காட்டி நின்றுவிடுமாம். சித்தப்பா கடிகாரத்தைத் தலைகீழாக வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நூலைச் சுக்கான் பிடியின் மறுபக்கம் கட்டினால் என்ன என்று கேட்டேன். அந்த யோசனை என்னுடையது. அதை இன்றும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தென்காற்று கரையோரமாக வீசிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். கேலி பேசிய அண்ணாச்சிகள் மூன்று பேரையும் பெரியப்பா வீடு தேடிப் போய் அழைத்து வந்திருந்தார். எங்களை அவமானப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பா மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

“நனையாமக் கொண்டு வாலே.”

சித்தப்பா அவசர அவசரமாக அதைத் தோணிக்குள் பொருத்தினார். அலாரம் முள்ளைச் சற்றுத் தள்ளி வைத்து, நூலைக் கட்டித் தோணியை விட்டார். பாய் புடைத்தது. தோணி நேராகக் கிழக்கே போனது. போய்க்கொண்டே இருந்தது. மணிச் சத்தம் கேட்கவில்லை.

“கொழும்புக்கே போயிரும் போலிருக்கே,” என்றார் ஓர் அண்ணாச்சி. அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். நான் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினேன். இனி அது எதற்கும் உதவாமல் போய்விடுமோ என்று நினைத்தபோது பாதியில் மறந்துபோனது.

அப்போதுதான் தண்ணீருக்கு மேலே மெல்லியதாக மணி கேட்டது. தோணி தயங்கியது, சாய்ந்தது, பாய் மறுபக்கம் விழுந்தது. பிறகு வீட்டுக்கு வருகிற ஆடு மாதிரி எங்களை நோக்கி வந்தது. அம்மாவின் பிடி தளர்ந்தது. அவள் முந்தானையால் தன் முகத்தைத் துடைக்காமல் என் முகத்தைத் துடைத்தாள்.

கடிகாரத்தைக் கழற்றும்போது சித்தப்பாவின் முகம் மாறியது. விடியலில் அடித்து ஓய்ந்த மணிக்கு அவசரத்தில் அவர் சாவி கொடுக்கவே மறந்திருந்தார்.

“ஏளா, மணிச் சாவிய நீயா திருக்குன?”

நான் தொடவே இல்லை என்றேன். அவர் நிமிர்ந்து பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார்.

முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியப்பா அண்ணாச்சிகளிடம் கையை விரித்தார். “என்ன செய்ய அண்ணாச்சி, சொல்லித் தொலைச்சுட்டேன். இனி அனுப்பித்தான் ஆகணும்.”

குரலில் அப்படி ஒரு சலிப்பு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோற்றுப்போனவரிடம் ஜெயித்த பெருமையைக் காட்டக்கூடாது என்று, வீடு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.