கஞ்சியில் நனைந்த நூறு ரூபாய்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் மட்டாஞ்சேரியில், சலவைத் தொழிலாளி மாரியப்பனின் நூறு ரூபாயைக் கள்ளநோட்டு என்று சொல்லிக் கிழித்தேன். அது நல்ல நோட்டு என்று கிழிக்கும்போதே எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் காலை ஒன்பது மணிக்கு எறணாகுளம் படகுத்துறையில் ஆறு ரூபாய்க்குச் சீட்டு வாங்கினேன். இன்றைய ஒரு ரூபாய் வெறும் எஃகு. அன்று இதே படகுக்கு அலுமினியப் பத்துப் பைசாக்களைக் கொடுத்தோம். பூவிதழ் போல ஓரம் வளைந்தவை. பையில் இருப்பதே தெரியாது.

பத்து மணிக்கு மட்டாஞ்சேரி. சுக்கு வாசனை அப்படியே இருந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்த மொத்தக்கடை இப்போது பழம்பொருள் அங்காடி. வேதியியல் படித்த கர்வம் எனக்கு. நோட்டுத் தாள் பருத்தி. அயோடின் சொட்டுக்குக் கறுக்காது. சாதாரணத் தாளில் மாவுச்சத்து உண்டு, கறுத்துவிடும். வித்தை போல இதைச் செய்து காட்டுவேன். ஒரு நாள் அரிசி வாங்க வந்த மாரியப்பனின் நோட்டு கறுத்தது. கள்ளநோட்டு என்றேன்.

"சட்டையோட கஞ்சித் தொட்டியில விழுந்துடுச்சு சார்" என்றார்.

கஞ்சி முழுக்க மாவுச்சத்துதானே. உடனே புரிந்தது. ஆனால் சுற்றி ஆறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. கிழித்தேன். சில மாதங்களில் ஊரை விட்டும் போனேன்.

தோபிகானா என்கிற சலவைத்துறைக்கு ஆட்டோ பிடித்தேன். எழுபது ரூபாய், மூன்று கிலோமீட்டர்.

"தோபிகானாயில ஆரைக் காணணும் சாரே?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மாரியப்பன்."

"அவிடே நாலு மாரியுண்டு."

வேறு வழியில்லாமல், அன்று என்னால் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயரைச் சொன்னேன்: "கள்ளநோட்டு மாரி."

"ஆ, அது பறையண்டே!" முதலிலேயே சொல்ல வேண்டாமா என்பதுபோல வண்டியை விரட்டினார்.

சலவைத்துறையில் மாரியப்பன் கரிப்பெட்டியால் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

"கிழிச்ச கைய மறப்பேனா? உக்காருங்க சாரே."

நான் உட்காரவில்லை. துவைத்துக்கொண்டிருந்தவர்களை அழைத்தேன். புது நூறு ரூபாயைக் கஞ்சித் தொட்டியில் நனைத்து, கொண்டுபோன அயோடினைச் சொட்டினேன். மையாகக் கறுத்தது.

"இவர் கொண்டுவந்ததும் நல்ல நோட்டுதான். தெரிந்தே பொய் சொன்னேன்."

சட்டை பிழிந்துகொண்டிருந்த ஒருவர், "அப்ப இத்தன வருஷமா கள்ளநோட்டுன்னு சும்மாவா விளிச்சோம், மாரியண்ணே?" என்றார்.

"இனி மாத்திக் கூப்பிட்டா எனக்கே திரும்பிப் பாக்கத் தோணாது, போடா."

எல்லோரும் சிரித்தார்கள். மாரியப்பன் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி மூன்று தண்ணீரில் அலசினார். இங்கே கொடியில் கவ்வி கிடையாது. முறுக்கிய கயிற்றின் பிரிக்குள் துணியைச் செருகுவார்கள். நோட்டையும் அப்படியே செருகினார். வெயிலில் காய்ந்ததும் மேலே துணி போட்டுத் தேய்த்தார். கறுப்பு போய் லேசான மஞ்சள் மட்டும் மிஞ்சியது.

"பருத்திதானே சாரே. கிழிக்காம என் கையில தந்திருந்தா அன்னிக்கே வெளுத்துக் காட்டியிருப்பேன்."

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "என் நோட்டு இதில்ல" என்று என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அடுத்த வேட்டியை எடுத்தார்.

மாலை நான்கு மணிக்குப் படகுத்துறைக் கடையில் சாயா குடித்தேன். பன்னிரண்டு ரூபாய். சில்லறை இல்லாததால் அந்த நோட்டை நீட்டினேன். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதெந்தா சாரே, இத்தன விறைப்பு?"

"கஞ்சியில் விழுந்துவிட்டது" என்றேன்.

"ஓ" என்று சொல்லிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, எண்பத்தெட்டு ரூபாய் மீதி தந்தார்.